இரம்பத்தின் பல் தீட்டும் இயந்திரம்

பால்மரம் நட்ட நாளிலிருந்து 25 அல்லது 30 ஆண்டுகள் கழிந்ததும், பால் குறைந்து, மறுநடவுக்காக வெட்டிச் சாய்க்கப்படுகிறது. முன்னாளில் அம்மரத்தின் கதை அத்துடன் முடிந்துவிடும். புகைக்கூடத்திலும் செங்கற்சூளையிலும் அது விறகாக எரிந்தது. அல்லது கரியாகச் சுடப்பட்டது. பிறை நகரில் 1967 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலை, இரும்பை உருக்குவதற்குப் பால்மரக் கரியைப் பயன்படுத்தியது என்பது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

1970 களின் இறுதியிலிருந்து நிலைமை மாறியது. பால்மரத்திற்குப் போரான் உப்புக் கரைசலை ஊட்டி, சூட்டறையில் உலர்த்தினால், பூஞ்சையும் வண்டும் அதனை அண்டாது என்பது நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர், விறகாகிக்கொண்டிருந்த மரம் மேசையாகவும் நாற்காலியாகவும் கட்டிலாகவும் மாறிக் கப்பலேறியது. ஜொகூர் மாநிலத்தின் மூவார் வட்டாரம் இத்தொழிலால் பெயர் பெற்றது. கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகமும் பால்மரத்தைப் பற்றிப் பல ஆய்வுகளை நடத்தியுள்ளது.

தோட்டத்தில் சாய்ந்த மரத்திற்கும் வீட்டில் போடும் நாற்காலிக்கும் இடையே நிற்பது, மரம் அறுக்கும் ஆலை. அந்த ஆலையின் உயிர்நாடி இரம்பம். இரம்பத்தின் உயிரோ அதன் பற்களில் இருக்கிறது. அப்பற்களைத் தீட்டும் இயந்திரம் எவ்வாறு வேலை செய்கிறது, அதனை இயக்குபவர் எதனை அறிந்திருக்க வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். தோட்டங்களிலிருந்து மர ஆலைகளுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும் என நம்புகிறோம்.

கூர்மையின் அருமை

கூர்மையின் அருமையைப் பால் வெட்டுத் தொழிலாளருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மழுங்கிய ஜெபோங் கத்தியால் மரப்பட்டையைச் சீவினால் என்ன ஆகும்? வெட்டு சீராக அமையாது, பட்டை கிழியும், கை வலிக்கும், கத்தியை அழுத்தும்போது அது உள்ளே இறங்கி மரத்தைக் காயப்படுத்தும். ஆகவேதான் நல்ல வெட்டுக்காரர் விடியற்காலையில் புறப்படுமுன் கத்தியைக் கல்லில் தீட்டி, நகத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்.

வெட்டுக் கத்திக்கு ஒரே ஒரு கூர்முனை. ஆனால் ஆலையில் ஓடும் நாடா இரம்பத்திற்கு எத்தனை கூர்முனைகள்? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாடா இரம்பம் என்பது இரண்டு பெரிய சக்கரங்களின் மேல், இயந்திரத்தின் வார் போல, முடிவின்றிச் சுழலும் எஃகு நாடா ஆகும். அதன் நீளம் 7 மீட்டர் எனவும், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே 35 மில்லிமீட்டர் எனவும் கொள்வோம். அப்படியானால் அதில் 200 பற்கள் உள்ளன. அந்த நாடா வினாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் ஓடினால், ஒரு வினாடியில் ஐந்து முறை சுற்றி வருகிறது. அதாவது வினாடிக்கு 1,000 பற்கள் மரத்தைக் கடந்து செல்கின்றன. தொடர்ந்து ஒரு மணி நேரம் அறுத்தால், ஒவ்வொரு பல்லும் 18,000 முறை மரத்திற்குள் நுழைந்து வெளிவருகிறது. எத்தகைய எஃகும் தேயத்தானே செய்யும்?

பல் தேய்ந்தால் வரும் கேடு

மழுங்கிய பல் மரத்தை வெட்டுவதில்லை, தேய்க்கிறது. தேய்ப்பதால் சூடு உண்டாகிறது. சூடேறிய நாடா விரிந்து தளர்கிறது. நேராக ஓடாமல் அலைகிறது. பலகை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வருகிறது. அதனைச் சரிசெய்ய மேலும் சீவ வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு மில்லிமீட்டர் மரம் கூடுதலாக வீணாவதாகக் கொள்ளுங்கள். 25 வெட்டுகளில் 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலக் கனமுள்ள ஒரு முழுப் பலகை, மரத்தூளாகிக் குப்பைக்குப் போய்விடுகிறது.

பால்மரத்தைப் பொறுத்தவரை இன்னொரு கவலையும் உண்டு. அதில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிச் சாய்த்த சில நாட்களுக்குள் அறுத்து மருந்தூட்டாவிட்டால் நீலப்பூஞ்சை படர்ந்து மரம் நிறம் மாறிவிடும், வண்டும் துளைக்கும். இரம்பம் பழுதாகி ஆலை நின்றால், முற்றத்தில் அடுக்கிய கட்டைகளின் மதிப்பு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இவற்றினும் பெரிய கேடு, ஆளுக்கு நேரும் ஆபத்தாகும். பல் மழுங்கினால், கட்டையைத் தள்ளுபவர் தம் பலம் முழுவதையும் கொடுத்துத் தள்ளுகிறார். அழுத்தித் தள்ளும் கை எந்நேரமும் சறுக்கக்கூடும். மழுங்கிய பல்லோடு ஓடும் நாடாவில் வெடிப்பு ஏற்பட்டு அது அறுந்து போவதும் உண்டு. ஓடும் வேகத்தில் அறுந்த நாடா எங்கே பாயும் என்று எவராலும் சொல்ல இயலாது.

இரம்பப் பல்லின் அமைப்பு

இயந்திரத்தைப் புரிந்துகொள்ளுமுன் பல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பல்லுக்கு நான்கு பகுதிகள் உண்டு. மரத்தை எதிர்கொள்ளும் பக்கம் முகப்பு. பின்புறம் சரிந்து செல்வது முதுகு. இரண்டும் கூடுமிடம் முனை. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே உள்ள வளைந்த பள்ளம் குழி.

முகப்பு சற்று முன்நோக்கிச் சாய்ந்திருக்கும். அச்சாய்வே பல்லை மரத்திற்குள் கொக்கி போல இழுக்கிறது. முதுகு சரிந்திருப்பதால் அது மரத்தில் உராய்வதில்லை. சாய்வு 25 பாகை, பல்லின் உடல் 50 பாகை, முதுகின் விலகல் 15 பாகை என்று வைத்துக்கொண்டால், மூன்றும் சேர்ந்து 90 பாகை ஆகும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்தாக வேண்டும். சாய்வை மிகுத்தால் பல் நன்றாக வெட்டும். ஆனால் உடல் மெலிந்து எளிதில் முறியும்.

குழியை வெறும் இடைவெளி என்று எண்ணிவிடக்கூடாது. பல் செதுக்கிய மரத்தூள் வெளியே வரும்வரை தங்கியிருக்கும் பை அது. குழி சிறுத்தால் தூள் அடைத்துக்கொள்ளும். குழியின் அடியில் கூரான மூலை இருந்தால் அங்கேதான் முதல் வெடிப்புத் தோன்றும். ஆதலின் குழி வழவழப்பான வளைவாக இருத்தல் வேண்டும்.

இறுதியாக, பல்லின் முனை நாடாவின் கனத்தைவிட அகலமாக இருக்க வேண்டும். இல்லையேல் நாடா மரத்தில் இறுகிக்கொள்ளும். இதற்காகப் பற்களை இடமும் வலமுமாகச் சாய்ப்பது ஒரு முறை. முனையை நசுக்கி இருபுறமும் அகலப்படுத்துவது இன்னொரு முறை. முனையில் ஸ்டெலைட் என்னும் கடினமான உலோகக் கலவையை உருக்கி ஒட்டுவது மூன்றாவது முறை. கோபால்ட்டும் குரோமியமும் கலந்த இக்கலவையை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்வுட் ஹேய்ன்ஸ் என்னும் அமெரிக்கர் உருவாக்கினார்.

அரத்திலிருந்து இயந்திரத்திற்கு

நாடா இரம்பத்திற்கு 1808 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் காப்புரிமை பெற்றார். ஆனால் நாடாவின் இரு முனைகளையும் உறுதியாக இணைக்கும் வழி அப்போது இல்லை. இணைத்த இடத்தில் அது அறுந்துகொண்டே இருந்தது. 1846 ஆம் ஆண்டில் ஆன் பாலின் கிரெப்பன் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி இணைப்புக்கு ஒரு வழி கண்டார். அதற்குப் பின்னரே நாடா இரம்பம் ஆலைகளில் இடம்பெற்றது.

பற்கள் பெருகியதும் தீட்டும் வேலையும் பெருகியது. அரத்தைக் கையில் பிடித்து ஒரு பல்லுக்கு அரை நிமிடம் செலவிட்டாலும் 200 பற்களுக்கு 100 நிமிடங்கள் ஆகின்றன. நேரத்தைவிடச் சீரின்மையே பெருங்குறையாகும். காலையில் தெம்போடு அராவிய பல்லும், கை ஓய்ந்தபின் அராவிய பல்லும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு பல் மற்றவற்றைவிடச் சிறிதே உயர்ந்துவிட்டால், அடுத்த பற்களின் வேலையையும் அதுவே சுமக்கிறது, விரைவில் முறிகிறது. இக்குறையைப் போக்கவே தீட்டும் இயந்திரம் தோன்றியது. ஜெர்மனியில் ஹைன்ரிக் வோல்மர் 1909 ஆம் ஆண்டில் தொடங்கிய தொழிலகம் இத்துறையில் உலகெங்கும் பெயர் பெற்ற ஒன்றாகும்.

இயந்திரம் இயங்கும் விதம்

இயந்திரத்தின் நடுவே ஓர் உறுதியான பிடி உண்டு. நாடாவைப் பற்கள் மேல்நோக்கி இருக்குமாறு அப்பிடிக்குள் நிறுத்துவர். எஞ்சிய நீளத்தை இருபுறமும் தாங்கிகள் தாங்கி நிற்கும். பிடிக்கு மேலே, மின்விசையால் சுழலும் மெல்லிய சாணைச் சக்கரம் ஒன்று தொங்குகிறது. அலுமினிய ஆக்சைடு என்னும் கடினமான மணிகளைப் பிசினால் இறுக்கி அச்சக்கரத்தைச் செய்கின்றனர்.

இயந்திரத்தில் இரண்டு அசைவுகள் உள்ளன. ஒன்று, சாணைச் சக்கரம் ஏறி இறங்குவது. மற்றொன்று, தள்ளுவிரல் என்னும் சிறு இரும்புக் கோல் முன்னும் பின்னும் சென்று, பல்லின் முகப்பில் பொருந்தி, நாடாவை ஒரு பல் தூரம் நகர்த்துவது. இந்த இரண்டு அசைவுகளையும் ஆள்வது ‘கேம்’ எனப்படும் உருளைகள். கேம் முழு வட்டமாக இராது, ஒருபுறம் புடைத்திருக்கும். அது சுழலும்போது புடைத்த பகுதி வந்தால் தலைப்பகுதி உயர்கிறது; தாழ்ந்த பகுதி வந்தால் இறங்குகிறது. கேமின் வடிவம் எதுவோ, பற்குழியின் வடிவமும் அதனைப் பின்பற்றியே அமைகிறது.

இவ்வாறு, சக்கரம் ஒரு பல்லின் முகப்பை ஒட்டி இறங்குகிறது. குழியின் அடியைத் தடவுகிறது. அந்நேரம் நாடா நகர, அடுத்துள்ள பல்லின் முதுகை ஒட்டி மேலேறுகிறது. உடனே மீண்டும் இறங்குகிறது. நிமிடத்திற்கு 40 பற்கள் என்ற கணக்கில் 200 பற்களையும் ஐந்து நிமிடங்களில் ஒரு சுற்று முடித்துவிடும். மூன்று நான்கு சுற்றுகளில் வேலை நிறைவுறும்.

சாய்வின் பாகை, குழியின் ஆழம், பற்களின் இடைவெளி, சக்கரம் இறங்கும் அளவு ஆகிய நான்கையும் திருகிகள் மூலம் சரிசெய்து கொள்ளலாம். இக்காலத்தில் கணினியால் இயங்கும் தீட்டு இயந்திரங்களும் வந்துவிட்டன. சிறிய நாடாக்களுக்கு, பல்லின் வடிவத்திலேயே விளிம்பு அமைந்த போரான் நைட்ரைடுச் சக்கரங்களும், கார்பைடு முனை பதித்த வட்ட இரம்பங்களுக்கு வைரத்துகள் பதித்த சக்கரங்களும் பயன்படுகின்றன.

இரம்ப வைத்தியர்

இயந்திரம் இருக்கும்போது ஆளின் திறமை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இயந்திரம் தந்த அளவைத் தவறாமல் திரும்பத் திரும்பச் செய்யும். தவறான அளவைத் தந்தால் அதனையும் 200 பற்களிலும் தவறாமல் செய்யும். ஆகவே அளவைத் தருகின்ற மனிதரே முதன்மையானவர். ஆங்கிலத்தில் அவரை ‘சோ டாக்டர்’ என்பர். இரம்ப வைத்தியர் என்று நாம் அழைக்கலாம்.

வைத்தியர் முதலில் நோயாளியைச் சோதிப்பது போல, இவர் முதலில் நாடாவைச் சோதிக்கிறார். ஒட்டியிருக்கும் பாலையும் தூளையும் துடைக்கிறார். குழிகளின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா எனத் தேடுகிறார். நாடா சமமாக உள்ளதா, அதன் இழுவிசை சரிதானா என அளவுகோலை வைத்துப் பார்க்கிறார். தேவையானால் தட்டியும் உருளைகளுக்கிடையே அழுத்தியும் சரிசெய்கிறார். அதன் பின்னரே தீட்டத் தொடங்குகிறார்.

தீட்டும்போது அவர் கவனிக்க வேண்டிய முதல் விதி, ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சிறிதளவே தேய்க்க வேண்டும் என்பதாகும். விரைவில் முடிக்க எண்ணிச் சக்கரத்தை அழுத்தினால் பல்லின் முனை கருநீல நிறமாகும். அது எஃகு தீய்ந்துபோனதன் அடையாளம். அத்தகைய முனை கண்ணாடி போல நொறுங்கும் தன்மையடைந்து, ஆலையில் ஓடும்போது முறியும். நாடாவை ஒரு மணி நேரம் முன்னதாகக் கொடுத்துவிட்டு, மறுநாள் அதையே இழப்பது எவ்வகையில் ஆதாயம்?

பால்மரத்தில் இவருக்குத் தனிச் சோதனைகளும் உண்டு. இம்மரத்தில் இறுக்கமான நார்ப் பகுதிகள் ஆங்காங்கே காணப்படும். அவ்விடங்களை மழுங்கிய பல் அறுத்தால், பலகையின் மேற்பரப்பு கம்பளி போல நூல் நூலாக எழும். கூரிய பல் இருந்தால் அக்குறை குறையும்.

தோட்டத்தில் நாம் செய்யக்கூடிய உதவி

இரம்பத்தின் பல்லைக் காப்பதில் தோட்டத் தொழிலாளருக்கும் பங்குண்டு. மங்கைத் தாங்கும் கம்பி, பால் வழியும் தகரம், எண் பலகையை அடித்த ஆணி ஆகியவை பல ஆண்டுகளாக மரத்தில் கிடக்கும்போது, மரம் வளர்ந்து அவற்றை விழுங்கிக்கொள்ளக்கூடும். வெளியே எதுவும் தெரியாது. ஆலையில் வினாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் வரும் பற்கள் அந்த ஆணியில் மோதினால், ஒரு நொடியில் பல பற்கள் சிதைகின்றன. தெறிக்கும் துண்டு, இரம்பத்தருகே நிற்கும் ஒருவரின் கண்ணைப் பறிக்கலாம். அங்கே நிற்பவர் நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.

ஆகவே மறுநடவுக்குக் குறிக்கப்பட்ட மரங்களிலிருந்து கம்பி, தகரம், ஆணி அனைத்தையும் வெட்டுக்கு முன்பே அகற்றிவிடுதல் நலம். அகற்ற முடியாதபடி உள்ளே புதைந்திருந்தால், அம்மரத்தில் சாயத்தால் அடையாளமிட்டு மண்டோரிடம் தெரிவிக்க வேண்டும்.

பாதுகாப்பு விதிகள்

தீட்டும் இயந்திரத்தில் பணிபுரிவோர் பின்வருவனவற்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

1. புதிய சாணைச் சக்கரத்தைப் பொருத்துமுன் மரக்கட்டையால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல சக்கரம் தெளிவாக ஒலிக்கும். மந்தமான ஓசை வந்தால் வெடிப்பு உண்டென்று பொருள், அதனைப் பயன்படுத்தலாகாது.

2. சக்கரத்தின் மேல் எழுதியுள்ள உச்ச வேகத்தை இயந்திரத்தின் வேகம் மீறக்கூடாது.

3. சக்கரத்தை மூடும் இரும்புக் காப்பை ஒருபோதும் கழற்றக்கூடாது. இயக்கிய முதல் நிமிடம் சக்கரத்திற்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

4. கண்ணாடி அணியாமல் தீட்டக்கூடாது. சுழலும் சக்கரத்தின் அருகே கையுறை, தொங்கும் ஆடை, கழுத்துச் சங்கிலி ஆகியவை ஆபத்தானவை. ஆனால் நாடாவைத் தூக்கும்போதும் சுருட்டும்போதும் தடித்த கையுறை அணிதல் வேண்டும். சுருட்டிய நாடா வில்லைப் போல விரிந்து பாயும்.

5. ஸ்டெலைட் முனையைத் தீட்டும்போது எழும் தூளில் கோபால்ட் கலந்திருக்கும். அது நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பது. தூளை உறிஞ்சும் குழாயும் மூச்சுக் காப்பும் இருத்தல் அவசியம்.

6. பிடியையும் தள்ளுவிரலையும் சரிசெய்ய விரும்பினால், இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே கை வைக்க வேண்டும்.

இவற்றுக்கான வசதிகளைச் செய்து தருவது முதலாளியின் கடமை. 1994 ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அக்கடமையை விதிக்கிறது. 2024 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தம், தொழிலாளருக்கு மேலும் ஓர் உரிமையைத் தந்துள்ளது. உடனடி ஆபத்து உள்ளது என நம்பத் தகுந்த காரணம் இருந்து, அதனைப் போக்க முதலாளி நடவடிக்கை எடுக்கவில்லையெனில், தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகிச் செல்லலாம். இரைச்சலைப் பொறுத்தவரை, ஒரு நாள் வேலைக்கு 85 டெசிபலை மீறக்கூடாது என்று 2019 ஆம் ஆண்டின் விதிமுறை கூறுகிறது. வேலையிடத்தில் விபத்து நேர்ந்தால் அதனை உடனே மேலாளருக்குத் தெரிவித்து, சொக்சோவில் பதிவு செய்ய வேண்டும். சிறு காயந்தானே என்று மறைத்துவிட்டு, பின்னர் விரல் மடங்காமற் போனபோது வருந்துவதில் பயனில்லை.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

ஆலைக்குச் செல்லும் நம் இளைஞர்களிற் பலர் கட்டை தூக்குபவராகவே சேர்ந்து, பல ஆண்டுகள் கட்டை தூக்குபவராகவே இருந்துவிடுகின்றனர். இரம்பம் தீட்டும் அறை அவர்களுக்குப் பத்தடி தொலைவில்தான் இருக்கிறது. ஓய்வு வேளையில் அனுமதி பெற்று அங்கே நின்று பாருங்கள். மூத்த வைத்தியரிடம் பணிவோடு கேளுங்கள். பாகையையும் மில்லிமீட்டரையும் அளக்கத் தெரிந்தால் பாதி வேலை கற்றதாகும். ஆறாம் ஆண்டுக் கணக்குப் பாடமே அதற்கு அடிப்படை.

மலேசிய மரத்தொழில் வாரியம் மரத்தொழில் பயிற்சிக்கென்று பந்திங்கில் ஒரு நிலையத்தை அமைத்தது. மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்களில் இயந்திரப் பராமரிப்பு கற்றவர்கள் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழைப் பெறலாம். கைத்தொழிலைக் கையில் சான்றிதழோடு வைத்திருப்பவர், ஓர் ஆலை மூடப்பட்டாலும் அடுத்த ஆலையின் கதவைத் தயக்கமின்றித் தட்டலாம்.

தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. பால்மரக் காடுகள் சுருங்கி வருகின்றன. எஞ்சிய மரங்களில் ஒன்றுகூட வீணாகாமல், அவற்றை அறுக்கும் கைகளில் ஒரு விரல்கூடக் குறையாமல் இருக்க வேண்டுமானால், இரம்பத்தின் பற்கள் கூர்மையாக இருத்தல் வேண்டும். பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பும் பெற்றோர், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், இரம்பத்திற்குக் காப்பு உண்டா, தீட்டுவதற்குத் தேர்ந்த ஆள் உண்டா, கண்ணாடி கொடுத்தார்களா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டறிய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.